விடுபட்ட எண்களும் பிற்செலவுக் கணக்கும்

புள்ளிப் பதிவேட்டை அறியாதார் நம் கல்லூரியிற் கற்றவருள் ஒருவரும் இலர். தவணைப் பரீட்சை முடிந்தபின் வகுப்பாசிரியர் அப்பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் நேரே பாடவாரியாகப் புள்ளிகளைப் பதிவார். காய்ச்சலினாற் கணிதப் பரீட்சைக்கு வாராத மாணவனுக்கு நேரே ஒரு சிறு கோடு இடப்படும். அக்கோடு பூச்சியம் அன்று. பூச்சியம் பெற்றவன் பரீட்சை எழுதினான். அவனைப் பற்றி நாம் ஒன்றை அறிவோம். கோடு பெற்றவனின் கணிதத்தைப் பற்றி நாம் யாதும் அறியோம். நாற்பது பேருள்ள வகுப்பின் சராசரியைக் காணும்போது, அக்கோட்டைப் பூச்சியமாகக் கொண்டு நாற்பதால் வகுப்பதும், அவனை விலக்கி முப்பத்தொன்பதால் வகுப்பதும் வெவ்வேறு விடைகளைத் தரும்.

இவ்வளவும் சிறு வகுப்பு மாணவனும் உணரத்தக்கதே. ஆயினும், இதே கோடு கணினியின் அட்டவணைக்குட் புகுந்து, நேர்கோட்டுப் பிற்செலவு என்னுங் கணக்கினூடாகச் சென்று மறுபுறத்தே விடையாக வெளிவரும்போது, பட்டம் பெற்றவர்களும் தடுமாறக் காண்கின்றோம். நம் பழைய மாணவர்களுட் பலர் இன்று வைத்தியசாலைகளிலும் விவசாய ஆராய்ச்சி நிலையங்களிலும் வங்கிகளிலும் இருந்து எண்களோடு மல்லாடுகின்றனர். பல்கலைக்கழகம் புகுந்த இளையோரோ இறுதியாண்டு ஆய்வறிக்கைக்காக இக்கணக்கைச் செய்தே ஆகவேண்டியவர். அவர்களை எண்ணியே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

பிற்செலவு என்பது யாது? ஒரு மாறியின் ஏற்றத்தாழ்வை வேறு சில மாறிகளின் ஏற்றத்தாழ்வு கொண்டு விளக்க முயலுங் கணக்கு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனைத் தொடர்புப்போக்கு என்று வழங்கும். புள்ளிகளினூடே ஒரு கோட்டை இட்டு, அக்கோட்டிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் விலகும் அளவின் வர்க்கங்களைக் கூட்டி, அக்கூட்டுத்தொகை மிகச் சிறிதாகுமாறு கோட்டை நிறுத்துவதே முறை. பிரான்சிய கணித அறிஞர் லெஜாந்தர் 1805இல் இம்முறையை வெளியிட்டார். கோட்டுக்கும் புள்ளிக்கும் உள்ள இடைவெளியை மீதி என்போம். இதற்குமேல் முறையின் வரலாற்றுக்குட் புகுதல் ஈண்டு வேண்டா.

எடுத்துக்காட்டாக ஓர் உண்மையான அட்டவணையை எடுத்துக்கொள்வோம். 1973ஆம் ஆண்டு மே 1 முதல் செப்டெம்பர் 30 வரை, நியூயோர்க் நகரில் 153 நாட்களுக்கு நாடோறும் நான்கு அளவைகள் பதிவாயின. றூஸ்வெல்ற் தீவிற் பிற்பகல் ஒரு மணிமுதல் மூன்று மணிவரை காற்றில் இருந்த ஓசோனின் சராசரி ஒன்று. சென்றல் பார்க்கில் முற்பகலில் வீழ்ந்த சூரியக் கதிர்வீச்சு மற்றொன்று. லாகுவாடியா விமான நிலையத்திற் காற்றின் வேகமும் அன்றைய உச்ச வெப்பநிலையும் ஏனைய இரண்டு. ஜோன் சேம்பர்சும் அவரொடு மூவரும் 1983இல் எழுதிய வரைபட முறைகள் பற்றிய நூலில் இவ்வட்டவணை இடம்பெற்றது. இன்று 'ஆர்' என்னும் இலவச மென்பொருளோடு அது கூடவே வருகின்றது. அம்மென்பொருளை நியூசிலாந்தின் ஒக்லண்ட் பல்கலைக்கழகத்தில் றொஸ் இகாக்கா, றொபேட் ஜென்ரில்மன் என்னும் இருவர் தொடங்கினர். அதன் முதலாம் நிறைபதிப்பு 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆந் திகதி வெளிவந்தது. நான்காண்டுக்கு ஒருமுறை மாத்திரம் பிறந்தநாள் கொண்டாடும் மென்பொருள் இதுவெனலாம்.

அட்டவணையில் வெப்பநிலைக்கும் காற்றின் வேகத்துக்கும் ஒரு நாளேனும் குறைவில்லை. ஓசோன் நிரலில் 37 நாட்களும் கதிர்வீச்சு நிரலில் 7 நாட்களும் வெறுமையாயுள்ளன. அவ்விடங்களில் 'என்.ஏ.' என்னும் ஈரெழுத்து நிற்கும். நம் வகுப்பாசிரியரின் சிறு கோடு அதுவே. இரண்டு நாட்களில் ஓசோனும் கதிர்வீச்சும் ஒருங்கே இல்லை. ஆதலின் குறையுள்ள நாட்கள் 42, நிறைவான நாட்கள் 111.

இனி ஓசோனை ஏனைய மூன்றாலும் விளக்குமாறு மென்பொருளைக் கேட்போம். விடை நொடியில் வரும். வெப்பநிலை ஒரு பாகை பரனைற் உயர, ஓசோன் 1.65 அலகு கூடும். காற்று மணிக்கு ஒரு மைல் விரைந்து வீச, 3.33 அலகு குறையும். கதிர்வீச்சின் குணகம் 0.06. மீதிகளின் நியம வழு 21.18. ஓசோனின் ஏற்றத்தாழ்வில் ஏறக்குறைய 61 சதவீதம் விளக்கப்பட்டது என்பதும் காணப்படும். நட்சத்திரக் குறிகளும் குணகங்களின் அருகே வரிசையாக நிற்கும். மாணவன் மகிழ்ந்து அவற்றைப் படியெடுத்துக்கொள்கின்றான். ஆனால் விடையின் அடிப்பகுதியில், அடைப்புக்குறிகளுக்குள், 42 அவதானிப்புக்கள் இன்மை காரணமாக நீக்கப்பட்டன என்று ஒரு சிறு வரி ஆங்கிலத்தில் உளது. நூற்றைம்பத்து மூன்றிலே நாற்பத்திரண்டு என்பது நான்கில் ஒரு பங்குக்கும் மேல்! அதனை வாசிப்போர் மிகச் சிலர்.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. அதே மென்பொருளிடம் ஓசோனின் சராசரியை மட்டுங் கேட்டால், அது விடை சொல்ல மறுத்து 'என்.ஏ.' என்று திருப்பித்தரும். விடுபட்டவற்றை விலக்கிக் கணக்கிடுக என்று நாம் வெளிப்படையாக ஆணையிட்ட பின்னரே 42.13 என்று கூறும். எளிய சராசரிக்கு இத்துணைப் பிடிவாதம் காட்டும் மென்பொருள், பிற்செலவு என்றதும் நம்மைக் கேளாமலே 42 நாட்களை வெட்டிவிடுகின்றது. இவ்விரண்டனுள் முன்னதே நற்குணம் என்பது நம் கருத்து.

அடுத்து வரும் இடர் மீதிகளைப் பற்றியது. கணக்கு முடிந்தபின் ஒவ்வொரு நாளின் மீதியையும் எடுத்து, மூல அட்டவணையின் பக்கத்தே புதிய நிரலாக ஒட்டிப் பார்க்க ஆய்வாளன் விரும்புவான். அட்டவணையில் 153 வரிகள், மீதிகளோ 111. 'ஆர்' மென்பொருளுக்குள்ளேயே அட்டவணையில் ஒட்ட முயன்றால், அளவு பொருந்தவில்லை என்று அது தடுத்துவிடும். ஆனால் மீதிகளைப் படியெடுத்து எக்செல் தாளில் மேலிருந்து கீழாக ஒட்டுபவரைத் தடுப்பார் எவருமிலர். மே மாதம் 5ஆம் 6ஆம் நாட்கள் குறையுள்ளவை. எனவே நான்காம் மீதிக்குப் பின் வருவது ஏழாம் நாளின் மீதி. அந்நாளில் ஓசோன் 23. கோடு சொன்னது 32.26, மீதி -9.26. அவ்வெண் இப்போது மே 5இற்கு நேரே போய் அமரும். ஓசோன் அளக்கப்படவே இல்லாத நாளுக்கு ஒரு மீதி! அதன்பின் கீழேயுள்ள வரிகள் யாவும் இடம்பெயர்ந்துவிடும். எந்த நாளிற் கணக்குப் பிழைத்தது என்று அறியப் புகுந்தவன் வேறு நாட்களைக் குற்றஞ் சாட்டுவான்.

இதற்குப் பரிகாரம் எளிது. 'ஆர்' விடுபட்ட வரிகளை நீக்குவதற்கு இரு வழிகளை வைத்திருக்கின்றது. இயல்பாய் அமைந்த 'என்.ஏ. ஒமிற்' என்பது வரியை வெட்டி எறிந்து மறந்துவிடும். 'என்.ஏ. எக்ஸ்குளூட்' என்பதோ கணக்கில் அதனை விலக்கினாலும், மீதிகளைத் தரும்போது அவ்வரிகளின் இடத்தில் 'என்.ஏ.' வைத்து 153 எண்ணிக்கையை நிறைவு செய்யும். குணகங்களும் நியம வழுக்களும் இரண்டிலும் ஒன்றே. ஒரு சொல்லை மாற்றுவதனால் நாட்கள் தத்தம் இடத்தில் நிற்கும். ஆய்வு மாணவர்கள் இதனை வழக்கமாக்கிக்கொள்ளல் நன்று.

மீதிகளைப் போலவே எதிர்வுகூறலும் குழப்பந் தரும். பொருத்திய கோட்டினது மதிப்புக்களைக் கேட்டால் 111 நாட்களுக்கே கிடைக்கும். அதே அட்டவணையைப் புதிய தரவுபோலக் கொடுத்து எதிர்வுகூறச் சொன்னால் 146 நாட்களுக்கு விடை வரும். ஏனெனில் எதிர்வுகூறுவதற்கு ஓசோன் வேண்டுவதில்லை. கதிர்வீச்சும் காற்றும் வெப்பமும் இருந்தாற் போதும். மே 10ஆம் நாளில் ஓசோன் இல்லை. ஆனால் கதிர்வீச்சு 194, காற்று 8.6, வெப்பம் 69. குணகங்களைப் பிரதியிட்டால் 32.6 என்று வரும். இத்தகைய நாட்கள் 35 உள.

இவ்விடத்தே ஒரு பெருஞ் சோதனை எழுகின்றது. அந்த 35 நாட்களின் வெற்றிடங்களையும் எதிர்வுகூறிய மதிப்புக்களால் நிரப்பி, 146 நாட்களோடு மறுபடியுங் கணக்கிட்டால் என்ன? பலர் இதனைச் செய்கின்றனர். செய்து பார்த்தால் வருவது சிந்திக்கத்தக்கது. குணகங்கள் ஒரு தசமமும் மாறா. ஏனெனிற் புதிதாய்ச் சேர்த்த புள்ளிகள் யாவும் முன்பே இட்ட தளத்தின்மேற் சரியாகக் கிடக்கின்றன. அவை அதனை எப்பக்கமும் இழுப்பதில்லை. மீதிகளின் வர்க்கக் கூட்டுத்தொகையும் மாறாது, புதியவற்றின் மீதி பூச்சியமாதலின். ஆனால் அத்தொகையை முன்னர் 107ஆல் வகுத்தோம் (111இலிருந்து குணகங்கள் நான்கைக் கழித்தது). இப்போது 142ஆல் வகுக்கின்றோம். நியம வழு 21.18இலிருந்து 18.4 ஆகச் சுருங்கும். எவ்வித புது அறிவும் வாராமலே நிச்சயம் மட்டும் கூடிவிட்டது. நாமே எழுதிய சாட்சியை நாமே நீதிமன்றத்தில் வாசித்தது போலாயிற்று.

சராசரியால் நிரப்புதல் இதனினும் பழைய வழக்கம், இதனினும் தீயது. எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளின் பிற்செலவுப் பகுதியில் இதற்கென ஒரு தெரிவே வைக்கப்பட்டுள்ளது. 37 வெற்றிடங்களிலும் 42.13 என்று எழுதினால், ஓசோனின் நியம விலகல் 33.0இலிருந்து 28.7 ஆகக் குறையும். கடுங் குளிர்நாளும் கடும் வெயில்நாளும் ஒரே ஓசோனைப் பெறுமாதலின், வெப்பத்துக்கும் ஓசோனுக்கும் உள்ள உறவு மங்கும். மாதவாரியாகப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். ஓசோன் விடுபட்ட 37 நாட்களும் ஐந்து மாதங்களிற் பரவிக் கிடக்கவில்லை. மே, யூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஐந்தைந்து, செப்டெம்பரில் ஒன்று, யூனில் இருபத்தொன்று! யூன் மாதத்தில் அளந்த நாட்கள் ஒன்பதே; அவற்றின் சராசரி 29.44. சராசரியால் நிரப்பியவர் அம்மாதத்தின் இருபத்தொரு நாட்களுக்கு 42.13 என்று எழுதி, தாம் காணாத யூன் மாதத்தைத் தாமே படைத்துவிடுகின்றார்.

இதுவரை கூறியன தரவில் உள்ள வெற்றிடம் பற்றியவை. விடையிலேயே 'என்.ஏ.' தோன்றுதலும் உண்டு. அதன் காரணம் முற்றிலும் வேறு. பரனைற்றிற் கூறிய வெப்பநிலையோடு, அதனையே சதமபாகைக்கு மாற்றிய நிரலொன்றையுஞ் சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒன்றின் குணகம் எண்ணாக வரும். பின்னால் வந்ததன் நேரே 'என்.ஏ.' நிற்கும். அட்டவணையில் ஒரு வெற்றிடமும் இல்லாவிடினும் இது நிகழும். இரண்டாம் நிரல் முதலாவதில் இல்லாத செய்தி எதனையுஞ் சொல்லவில்லை. ஆகவே இதற்கெனத் தனிக் குணகம் காண வழியில்லை என்பதே மென்பொருளின் கூற்று. ஆண், பெண், மொத்தம் என மூன்று நிரல்களையும் ஒருங்கே இடுவோர்க்கும் இதே கதி. இவ்விரு 'என்.ஏ.'களையும் ஒன்றெனக் கருதி, விடையில் வந்த 'என்.ஏ.'யை நீக்குவதற்காகத் தரவின் வெற்றிடங்களை நிரப்பத் தொடங்கியவர்களையும் நாம் கண்டிருக்கின்றோம். நோய் காலிலிருக்க மருந்து கண்ணுக்கு இட்டாற் போன்றது அது.

இரு பிற்செலவுகளை ஒப்பிடுமிடத்தும் வெற்றிடம் மறைந்திருந்து தாக்கும். வெப்பநிலையை மட்டுங் கொண்டு ஓசோனை விளக்கினால், நீக்கப்படுவன 37 நாட்களே; 116 நாட்கள் எஞ்சும். குணகம் 2.43, விளக்கப்பட்டது 49 சதவீதம். மூன்று மாறிகளோடு செய்தபோது குணகம் 1.65, 61 சதவீதம், ஆனால் நாட்கள் 111. இரு விடைகளையும் அருகருகே வைத்து, மாறிகளைச் சேர்த்ததன் பயன் இதுவென்று சொல்லல் ஆகாது. மாறிகளும் மாறின, நாட்களும் மாறின. முறைப்படி ஒப்பிடுமாறு கேட்டால், ஒரே அளவுத் தரவின்மீது பொருத்தப்பட்டவையல்ல என்று 'ஆர்' மறுத்துவிடும். கண்ணால் ஒப்பிடுபவர்க்கோ மறுப்பவர் இல்லை. நிறைவான 111 நாட்களை முதலிற் பிரித்தெடுத்து, இரண்டு கணக்கையும் அவற்றின்மீதே செய்தல் வேண்டும்.

ஏனைய மென்பொருள்களின் வழக்கங்கள் வெவ்வேறு. எக்செலின் பிற்செலவுச் சூத்திரம் வெற்றுக் கட்டத்தைக் கண்டால் வழு என்று நின்றுவிடும். பைதன் மொழியில் வழங்கும் சைகிற்-லேர்ன் தொகுதியும் மறுத்துவிடும். ஸ்டேட்டாவில் விடுபட்ட மதிப்பு ஒரு புள்ளியாக நிற்கும். அப்புள்ளி எந்த எண்ணினும் பெரிது என்பது அம்மென்பொருளின் விதி. ஆகவே ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரைத் தெரிக என்று ஆணையிட்டால், வயது தெரியாதோரும் முதியோரோடு வந்து சேர்வர்.

இவையெல்லாவற்றினுங் கொடியது வெற்றிடத்தை எண்ணாலேயே குறிப்பது. சில ஆண்டுகளுக்கு முன் இளம் வைத்தியர் ஒருவர் தம் ஆய்வின் விடையை நம்மிடங் கொணர்ந்தார். வயது கூடக்கூட நோயாளர் விரைவிற் குணமடைகின்றனர் என்று அது கூறியது. வைத்தியர் அதற்கோர் விளக்கமும் எழுதிவைத்திருந்தார், நல்ல விளக்கம். வயது நிரலை ஏறுவரிசையில் அடுக்கிப் பார்த்தபோது இறுதியிற் பலருக்கு 99 என்றிருந்தது. பதிவு செய்தவர் வயது தெரியாதோர்க்கு 99 இட்டிருந்தார். அவர்கள் பெரும்பாலும் வெளிநோயாளர் பிரிவிற் சிறு நோய்க்கு மருந்து பெற்று உடனே வீடு சென்றவர்கள். மென்பொருள் குறை சொல்லவில்லை. வெற்றிடம் என்று அதற்கு எவருஞ் சொல்லவில்லையே. அவ்விளக்கம் அச்சேறியிருப்பின் முதியோர் வாட்டில் எவரேனும் அதனை நம்பியிருப்பர்.

வெற்றிடம் ஏன் நேர்ந்தது என்பதே ஈற்றில் எல்லாவற்றையுந் தீர்மானிக்கும். அமெரிக்கப் புள்ளிவிபரவியல் அறிஞர் டொனால்ட் றூபின் 1976இல் எழுதிய கட்டுரையொன்றில் இதனைச் சீராக வகுத்தார். பரீட்சைத்தாள் மழையில் நனைந்து அழிந்தால், இன்மைக்கும் மாணவன் திறமைக்கும் தொடர்பில்லை, இது தற்செயலானது. தூர ஊரிலிருந்து வருவோரே அதிகம் வாராதிருந்து, ஊர் எதுவென்பது பதிவேட்டில் இருக்குமாயின், இன்மை நாம் அறிந்த ஒன்றோடு தொடர்புற்றது. கணிதம் வராது என்று அஞ்சியே ஒருவன் பரீட்சையைத் தவிர்த்தானாயின், விடுபட்ட எண்ணே தான் விடுபட்டதற்குக் காரணம். முதல் நிலையிற் குறையுள்ள வரிகளை வெட்டுவதால் எண்ணிக்கை குறையுமேயன்றிச் சாய்வு நேராது. இரண்டாம் நிலையிலும், இன்மை விளக்கும் மாறிகளை மாத்திரம் பொறுத்ததாயின், அம்மாறிகள் கணக்கில் இருக்குமளவும் வெட்டுதல் தீங்கன்று; பாடநூல்கள் பல இதனைச் சொல்லாது விடுகின்றன. மூன்றாம் நிலையில் எந்த மென்பொருளும் தானாக உதவாது. கிளினிக்குக்கு மீண்டும் வாராத நோயாளரில் நோய் மிகுந்தோரே பலராயின், வந்தோரைக் கொண்டு மருந்தின் பயனை அளத்தல் மருந்தைப் புகழ்வதிலேயே முடியும்.

றூபினே பின்னர் ஒரு வழியையும் வகுத்து 1987இல் நூலாக்கினார். வெற்றிடத்தை ஒருமுறையன்றிப் பலமுறை நிரப்புக என்பது அது. கோட்டின் மதிப்பை அப்படியே இடாது, இயல்பான சிதறலுக்கேற்ப எழுமாறாக ஏற்றியுங் குறைத்தும் இடுதல் வேண்டும். அவ்வாறு ஐந்து அட்டவணைகள் ஆக்கினால் ஐந்து பிற்செலவுகள் பிறக்கும். குணகங்களின் சராசரியே விடை. அதன் மாறற்றிறனுக்கு, ஐந்தின் மாறற்றிறன்களினது சராசரியோடு, ஐந்து குணகங்களும் தம்முள் வேறுபடும் மாறற்றிறனை 1.2 மடங்காக்கிக் கூட்டுதல் வேண்டும். நாம் அறியாமை எவ்வளவென்பது இவ்விரண்டாம் பகுதியால் விடைக்குள் நுழைகின்றது, முன்னர் 18.4 என்று கண்ட பொய் நிச்சயம் இதில் எழாது. 'ஆர்' மென்பொருளில் இதனைச் செய்வது 'மைஸ்' என்னுந் தொகுதி. எனினும் விளக்கப்படும் மாறி மாத்திரம் விடுபட்டு, அதனை ஊகிக்க வேறு செய்தியும் இல்லாதவிடத்து, இவ்வளவு உழைப்பும் வெட்டி எறிவதைவிடப் பெரிதாக ஒன்றுந் தராது. நியூயோர்க் அட்டவணையில் இதனால் மீளக்கூடியன கதிர்வீச்சு மட்டும் இல்லாத ஐந்து நாட்களே. மாதத்தையும் துணைச் செய்தியாகச் சேர்க்கலாம். ஆயினும் ஒன்பது நாட்களைக் கொண்டு யூன் மாதத்தை முழுமையாக மீட்டுவிடலாம் என்று நாம் துணிந்து கூறோம்.

அறிக்கை எழுதும்போது, மொத்தம் 153 நாட்கள், பயன்படுத்தியவை 111, ஓசோன் விடுபட்டவற்றில் 21 யூன் மாதத்தவை என்று ஒரு வரி சேர்த்தாற் போதும். வாசிப்பவர் எஞ்சியதைத் தாமே நிறுத்துப் பார்ப்பார். ஐயமுடைய மாணவர் எமது சொல்லை நம்பவேண்டுவதில்லை. கல்லூரிக் கணினி அறையில் 'ஆர்' மென்பொருளைத் திறந்து 'எயார்குவாலிற்றி' என்று ஆங்கிலத்திற் சிற்றெழுத்தால் தட்டெழுதினால், அட்டவணை முழுவதும் திரையில் விரியும். ஐந்தாம் வரியை முதலிற் பார்க்க: இரண்டு 'என்.ஏ.', காற்று 14.3, வெப்பம் 56.